ஸ்டீயரிங்கில் 'டக்' சத்தம்: தண்டுக்குள் உடைந்த ரப்பர் கப்ளிங் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு வேலூரில் உள்ள எங்கள் பட்டறையில் நடந்தது. வண்டி பெட்ரோலில் ஓடும் சிறிய ரகக் கார். ஒன்பது ஆண்டு பழையது. 80,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. உரிமையாளர் அரசுப் பள்ளி ஆசிரியர். தினமும் குடியாத்தம் பக்கம் போய்த் திரும்புபவர். பள்ளியில் வண்டியை நிழல் பார்த்து நிறுத்தும் வழக்கம் அப்போது இல்லை. காலை வகுப்பு தொடங்குவதிலிருந்து மாலை மணி அடிக்கும்வரை கண்ணாடிகள் மூடியபடி வெயிலிலேயே நிற்கும். வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஆனால் இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

காரில் இருந்தது மின்சார பவர் ஸ்டீயரிங். 1988-இல் ஜப்பானில் சுஸூகி நிறுவனத்தின் செர்வோ என்ற சின்னக் காரில் அறிமுகமான இந்த அமைப்பு, இன்று நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பரவலாக இருக்கிறது. பழைய ஹைட்ராலிக் முறையில் இருந்த எண்ணெய், பம்பு, பெல்ட் எதுவும் இதில் இல்லை. டாஷ்போர்டுக்கு அடியில், ஓட்டுநரின் முழங்காலுக்குச் சற்று மேலே, ஸ்டீயரிங் தண்டோடு ஒரு மோட்டார் பொருத்தப்பட்டிருக்கும். நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தண்டுக்குள் இருக்கும் மெல்லிய முறுக்குக் கம்பி நூலிழை அளவு முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கியது என்பதை சென்சார் படித்து, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி மோட்டாரை அதற்கேற்ப ஓட்டும். மோட்டார் ஒரு புழுப்பல் தண்டை (திருகாணிபோல் சுருள் பல் கொண்ட சிறு தண்டு) சுழற்ற, அது ஸ்டீயரிங் தண்டில் உள்ள பெரிய பல்சக்கரத்தைத் தள்ளும். கைக்கு இலகுவாகத் தெரிவது இந்தத் தள்ளுதல்தான்.

மோட்டாரின் அச்சும் புழுப்பல் தண்டும் நேரடியாக இணைவதில்லை. இரண்டின் முனையிலும் இரும்புக் கவ்விகள் இருக்கும். அந்தக் கவ்விகளுக்கு நடுவே அன்னாசிப்பூ வடிவத்தில் ஒரு சிறிய ரப்பர் கப்ளிங் உட்காரும். சாலையிலிருந்து மேலே வரும் அதிர்வை விழுங்குவதும், இரும்பு இரும்போடு மோதாமல் காப்பதும் அதன் வேலை. இந்த ஆய்வின் மையப் பொருள் அதுதான்.

எங்களிடம் வருவதற்கு முன்

சத்தம் தொடங்கி நான்கைந்து மாதங்கள் ஆகியிருந்தன. பள்ளி மைதானத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை வலமிருந்து இடமாக மாற்றினால் 'டக்' என்று ஒரு தட்டல். பிறகு வேகத்தடைகளிலும், தார் பெயர்ந்த இடங்களிலும் கேட்கத் தொடங்கியது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது கேட்பதில்லை. டாஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

வேறொரு பட்டறையில் முதலில், வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் முன்பக்க லிங்க் ராடுகளை மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. அடுத்து, ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் கம்பியின் முனையான டை ராட் எண்ட், அதோடு ஒரு வீல் அலைன்மென்ட். அதன்பின் ஷாக் அப்சார்பரின் மேல்முனையைத் தாங்கும் ஸ்ட்ரட் மவுண்ட். ஒவ்வொரு முறையும் சத்தம் சற்றுக் குறைந்ததுபோல் தோன்றி, ஓரிரு நாளில் பழைய நிலைக்கே வந்துவிட்டது. கடைசியில் ஒரு சர்வீஸ் நிலையத்தில், ஸ்டீயரிங் தண்டுத் தொகுதி முழுவதையும் மாற்றவேண்டும் என்று சொல்லி ரூ.40,000-ஐ ஒட்டி மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டுதான் எங்களிடம் வந்தார்.

கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருந்தார். பட்டறைக்கு வரும் எல்லாரும் இப்படிச் செய்தால் எங்கள் வேலை பாதியாகக் குறையும். லிங்க் ராடுகளின் பந்து முனைகள் கையால் அசைத்தால் இறுக்கமாகவே திரும்பின. டை ராட் எண்டின் ரப்பர் உறை கிழியவில்லை. அதாவது மாற்றப்பட்டவற்றில் பெரும்பாலானவை நல்ல நிலையில் இருந்த பாகங்கள்.

அவர் முதலில் கேட்டது செலவைப் பற்றி அல்ல. "அண்ணா, இதோடு ஓட்டினால் வழியில் ஸ்டீயரிங் கையோடு வந்துவிடுமா?" என்றார்.

பரிசோதனை

இதுவரை எல்லாரும் வண்டியை லிப்டில் ஏற்றிக் கீழேதான் தேடியிருந்தார்கள். அதில் தவறு இல்லை. முன்பக்கச் சத்தங்களில் பெரும்பகுதி கீழிருந்தே வருகிறது. ஆனால் ஸ்டீயரிங் தண்டு ஒரு நீண்ட இரும்பு. அதன் ஒரு முனையில் எழும் தட்டல் மறுமுனைவரை ஓடும். காதை மட்டும் நம்பினால் மேலே எழும் சத்தம் கீழே இருப்பதாகவே தோன்றும்.

அதனால் வண்டி தரையில் நிற்கும்போதே பரிசோதனையைத் தொடங்கினோம். இன்ஜின் அணைந்திருந்தது, ஸ்டீயரிங் பூட்டு விழாதபடி சாவி மட்டும் திருப்பப்பட்டிருந்தது. உதவியாளர் தம்பி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அகலத்துக்குள் இடமும் வலமுமாக விரைவாக ஆட்டினார். மூத்த மெக்கானிக் தரையில் மண்டியிட்டு, ஒரு கையை மோட்டார் உறையின் மேலும் மறுகையைத் தண்டின் கீழ்ப்பகுதியில் உள்ள, கோணம் மாறித் திரும்ப உதவும் மூட்டான யூனிவர்சல் ஜாயின்ட்டின் மேலும் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு திசைமாற்றத்திலும் மோட்டார் பக்கத்துக் கையில் ஒரு கூர்மையான தட்டல் தெரிந்தது. ஜாயின்ட் பக்கத்துக் கைக்கு அதன் எதிரொலி மட்டுமே வந்தது.

யூனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்தாலும் கிட்டத்தட்ட இதே சத்தம் வரும் என்பதால் அதை அப்படியே விட்டுவிட முடியாது. டார்ச் அடித்துப் பார்த்தோம். ஜாயின்ட்டின் மேல் கவையும் கீழ்க் கவையும் ஒரே நேரத்தில் அசைந்தன. நடுவே தாமதம் இல்லை. சிலுவைத் துண்டின் ஓரத்தில் துருப்பொடியும் இல்லை. ஜாயின்ட் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டோம்.

அதன்பிறகுதான் வண்டியை லிப்டில் ஏற்றினோம். டயரைப் பக்கவாட்டில் இரு கைகளாலும் பிடித்து ஆட்டியபோது டை ராடில் ஆட்டம் இல்லை. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டியபோது பேரிங்கிலும் பால் ஜாயின்ட்டிலும் ஆட்டம் இல்லை. டை ராடின் உள்முனை மூட்டான ரேக் எண்டும் இறுக்கமாக இருந்தது. சமீபத்தில் இத்தனை பாகங்கள் மாறியிருக்கும் வண்டியில் இது எதிர்பார்த்ததே.

ஸ்கேனரில் ஸ்டீயரிங் பகுதிக்கான பிழைக் குறியீடு எதுவும் இல்லை. திருப்புவிசை சென்சாரின் அளவும், கை எடுத்த நிலையில், பூஜ்யத்துக்கு அருகிலேயே நின்றது. மின்சாரப் பக்கத்தில் கோளாறு இல்லை. பழுது இயந்திரப் பக்கத்தில், மோட்டாருக்கும் புழுப்பல் தண்டுக்கும் நடுவே இருக்கிறது என்று முடிவுக்கு வந்தோம். இத்தகைய அமைப்புள்ள கார்களில் அந்த ரப்பர் கப்ளிங் உடைவது மெக்கானிக்குகளுக்குப் பழகிய பழுது. எச்சரிக்கை விளக்கு எரியாததற்கும் காரணம் இதுதான்: ரப்பர் பொடிந்துபோனதைச் சொல்ல எந்த சென்சாரும் இல்லை.

உரிமையாளரின் கேள்விக்கும் இப்போது பதில் சொல்ல முடிந்தது. "வராது டீச்சர். உங்கள் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற இரும்பு இணைப்பு தனி, இந்த ரப்பர் அந்த வழியிலேயே இல்லை" என்றார் மூத்த மெக்கானிக். ரப்பர் முழுவதும் போய்விட்டாலும் இரும்புக் கவ்விகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மோட்டாரின் உதவியைக் கடத்தும். இடைவெளி காரணமாகத் தட்டும், அவ்வளவே. ஆனால் அப்படியே ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் ஒவ்வொரு தட்டலும் கவ்விகளையும் புழுப்பல்லையும் தின்னும். ஆகவே உடனே நிறுத்தவேண்டிய வண்டி இல்லை, தள்ளிப்போடவேண்டிய வேலையும் இல்லை. பாகம் வரும்வரை அவர் வண்டியை ஓட்டலாம் என்று அனுப்பினோம். திருப்பும்போது இறுக்கம் தெரிந்தாலோ ஸ்டீயரிங் விளக்கு எரிந்தாலோ ஓட்டாமல் நிறுத்திவிட்டுக் கூப்பிடவேண்டும் என்று எழுதியும் கொடுத்தோம்.

மூன்று வழிகளும் எடுத்த முடிவும்

முதல் வழி, சர்வீஸ் நிலையம் சொன்னபடி முழுத் தொகுதியையும் புதிதாக மாற்றுவது. நிச்சயமான வழி, உத்தரவாதமும் கிடைக்கும். இந்த வண்டியின் இன்றைய சந்தை மதிப்போடு ஒப்பிட்டால் மிக அதிகச் செலவு. சர்வீஸ் நிலையம் ஏமாற்றப் பார்த்தது என்று நான் சொல்லமாட்டேன். தண்டுத் தொகுதியைப் பிரித்து உள்பாகம் மாற்றுவதை அவர்கள் நடைமுறை அனுமதிக்காமல் இருக்கலாம்; ஸ்டீயரிங் விஷயத்தில் அந்த எச்சரிக்கைக்கு நியாயம் உண்டு.

இரண்டாவது வழியை உரிமையாளரின் தம்பி சொன்னார்: சென்னை புதுப்பேட்டையில் பழைய தண்டுத் தொகுதி ஒன்றை வாங்கிவிடலாம், கால்வாசி விலைக்குள் முடிந்துவிடும். புதுப்பேட்டையில் கிடைக்காத வண்டிப் பாகம் இல்லை என்பது உண்மை. கதவோ விளக்கோ என்றால் நாங்களே அங்கு போகச் சொல்வோம். ஸ்டீயரிங் தண்டுக்கு மறுத்தோம்.

விபத்தில் ஓட்டுநரின் நெஞ்சில் குத்தாமல் தானே மடங்கும்படிதான் இந்தத் தண்டு செய்யப்படுகிறது. அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் இது சட்டப்படி கட்டாயமானது. பிறகு உலகெங்கும் பரவியது. தண்டைப் பிடித்திருக்கும் தாங்கியில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டுகள் மோதலின்போது முறிந்து தண்டை நழுவ விடும். பழைய பாகங்களில் பல விபத்தில் சிக்கிய வண்டிகளிலிருந்து வருகின்றன. அந்தத் துண்டுகள் பாதி முறிந்திருந்தாலோ, தண்டு அரை சென்டிமீட்டர் மடங்கியிருந்தாலோ வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம். போதாததற்கு, அதே வயதுடைய தண்டுக்குள் அதே வயதுடைய ரப்பர்தான் இருக்கும். அதையும் மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது, கப்ளிங்கை மட்டும் மாற்றுவது. பாகத்தின் விலை ரூ.500-ஐத் தொடவில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடை ஒன்றின் மூலம் வரவழைக்க முடிந்தது. கூலி அதைப்போல ஏழெட்டு மடங்கு. இதை உரிமையாளருக்கு விளக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. ஐந்நூறு ரூபாய் ரப்பருக்கு ஏன் இவ்வளவு கூலி என்பது யாருக்கும் எழும் கேள்வி. அந்த ரப்பரைத் தொட ஏர்பேக்கைக் கழற்றவேண்டும், ஸ்டீயரிங்கை எடுக்கவேண்டும், தண்டையே வெளியே கொண்டுவரவேண்டும். ஆபத்து ரப்பரில் இல்லை. அதை அடையும் வழியில் இருக்கிறது. புழுப்பல்லோ பெரிய பல்சக்கரமோ ஏற்கெனவே தேய்ந்திருந்தால் சத்தம் முழுவதும் போகாது என்பதையும் முன்கூட்டியே சொன்னோம். இரண்டையும் கேட்டுக்கொண்டு மூன்றாவது வழிக்குச் சம்மதித்தார்.

வேலை நடந்த விதம்

முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தோம். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மின்சாரம் சிறிது நேரம் தேங்கியிருக்கும், அது வடியவேண்டும். இந்தியாவில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் 2019 ஜூலையில்தான் கட்டாயமானது. இது அதற்கு முந்தைய வண்டி என்றாலும் உயர்ந்த மாடல் என்பதால் ஏர்பேக் இருந்தது. பழைய வண்டிதானே என்று சரிபார்க்காமல் கைவைப்பது ஆபத்து. கழற்றிய ஏர்பேக்கை, அதன் மூடி மேலே பார்த்திருக்கும்படி தனி மேசையில் வைத்தோம். கவிழ்த்து வைத்து, தவறி வெடித்தால் மொத்தப் பொருளும் கூரைக்குப் பறக்கும்.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. சில பட்டறைகளில் ஏர்பேக்கையும் ஸ்டீயரிங்கையும் தொடாமல், தண்டின் தாங்கிப் போல்ட்டுகளை மட்டும் கழற்றி, மொத்தத்தையும் இருக்கையின் மேல் சாய்த்து மோட்டாரை உருவிவிடுவார்கள். ஒரு மணி நேரம் மிச்சமாகும். சில மாடல்களில் அது நடைமுறைக்கு ஒத்தும் வரும். இந்த வண்டியில் மோட்டாரின் போல்ட்டுகள் உள்சட்டத்தைப் பார்த்தபடி இருந்தன. சாய்த்த நிலையில் நேராக உருவ இடம் போதாது. தண்டின் எடை முழுவதும் ஒயர்களில் தொங்குவதும் எங்களுக்குப் பிடிக்கவில்லை. முழுவதையும் வெளியே எடுப்பது என்று முடிவு செய்தோம்.

ஸ்டீயரிங்கின் நடு நட்டைத் தளர்த்திய பிறகு, அச்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டோம். பிறகு புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வைத்து எடுத்தோம். சுத்தியல் எடுக்கவே கூடாத இடம் இது. மேலிருந்து ஓர் அடி விழுந்தால் மடங்கும் தண்டு அங்கேயே மடங்கத் தொடங்கும். அடுத்து கிளாக் ஸ்பிரிங். ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா அதற்குள் இருக்கிறது. கழற்றிய நிலையில் யாராவது விளையாட்டாகச் சுற்றிவிட்டால், மாட்டிய பிறகு முதல் முழுத் திருப்பத்திலேயே நாடா அறுந்துவிடும். நடுநிலைக் குறி பொருந்தியிருக்கும்போதே காகித டேப் ஒட்டி அசையாமல் நிறுத்தினோம்.

கீழே யூனிவர்சல் ஜாயின்ட்டின் இறுக்குப் போல்ட்டைக் கழற்றும் முன்னும் பொருத்தக் கோடு போட்டோம். கனெக்டர்களைப் பிரித்து, தாங்கியைக் கழற்றித் தண்டை வெளியே எடுத்தோம். மேசையில் மோட்டாரின் போல்ட்டுகளைக் கழற்றி நேராக உருவியபோது, முதலில் வெளியே வந்தது கருந்தூள். ரப்பரின் கைகளில் இரண்டு மட்டும் அடையாளம் தெரியும்படி இருந்தன. விரலால் அழுத்தியதும் அவையும் காய்ந்த பசைபோல் நொறுங்கின. மற்றவை பொடியாகி, உறையின் அடிப்பகுதியில் கிரீஸோடு கலந்து ஒட்டிக் கிடந்தன. கவ்விகளின் ஓரங்களில் இரும்பு இரும்போடு மோதிய பளபளப்பான தழும்புகள். முறிவோ ஆழமான தேய்மானமோ இல்லை.

வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் உட்புறம் வெளிவெப்பத்தைவிட இருபது பாகைக்கு மேல் சூடாகும். ஒன்பது கோடைகள் அந்தச் சூட்டில் கிடந்த ரப்பர் இறுகிப்போவதில் வியப்பில்லை. வெயில் மட்டுமே காரணம் என்று அறுதியிட்டும் சொல்வதற்கில்லை. நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும் பழக்கமும் கப்ளிங்குக்குச் சுமைதான். பள்ளி மைதானத்தில் தினமும் அது நடந்தது.

பொடி முழுவதையும் பஞ்சு இல்லாத துணியால் துடைத்து எடுத்தோம். காற்று அடித்துச் சுத்தம் செய்தால் பொடி பேரிங்குக்குள் போய்விடும் என்பதால் அதைச் செய்யவில்லை. புதிய கப்ளிங்கை ஒரு பக்கக் கவ்வியில் கையாலேயே அழுத்தி உட்காரவைத்து, மறுபக்கக் கவ்வி இடைவெளிகளில் இறங்கும்வரை மோட்டாரை மெல்லத் திருப்பிப் பொருத்தினோம். சாதாரண கிரீஸ் சில ரப்பர்களை ஊறவைத்து உப்பச் செய்யும். ஆகவே கப்ளிங்கில் எதுவும் தடவவில்லை. ஜாயின்ட்டின் இறுக்குப் போல்ட்டுக்குப் புதியது போட்டோம். எல்லா இறுக்கங்களும் அந்த மாடலின் கையேட்டில் உள்ள அளவுப்படி டார்க் ரெஞ்சால் செய்யப்பட்டன.

விளைவு

பேட்டரியை இணைத்ததும் ஏர்பேக் விளக்கும் ஸ்டீயரிங் விளக்கும் வழக்கம்போல் எரிந்து அணைந்தன. ஸ்கேனரில் பிழை இல்லை. நின்ற இடத்தில் ஆட்டிப் பார்த்தபோது தட்டல் நின்றிருந்தது. உரிமையாளரையே ஓட்டச் சொல்லி, மூத்த மெக்கானிக் பக்கத்தில் அமர்ந்து காட்பாடி வரை போய்வந்தார்கள். வேகத்தடைகளில் சத்தம் இல்லை. ஸ்டீயரிங் நேராக நின்றது, அலைன்மென்ட் தேவைப்படவில்லை.

மிகவும் மோசமான மேடுபள்ளத்தில் மட்டும், மோட்டார் பக்கமிருந்து மெல்லிய ஒரு கடகடப்பு இன்னும் வந்தது. புழுப்பல்லுக்கும் பெரிய சக்கரத்துக்கும் நடுவே உள்ள தேய்மான இடைவெளியின் சத்தம் அது. அதை இறுக்கிச் சரிசெய்யலாம் என்று சொல்பவர்கள் உண்டு. சற்று அதிகமாக இறுகிவிட்டால் ஸ்டீயரிங் திருப்பிய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, தானாக நேருக்குத் திரும்பாது. காதுக்கு இதமான ஸ்டீயரிங்கைவிடத் தானே நேராகும் ஸ்டீயரிங் முக்கியம் என்று கைவைக்காமல் விட்டோம். உரிமையாளரிடம் சொல்லி, வேலை அட்டையிலும் பதிவு செய்தோம்.

அடுத்த வழக்கமான சர்வீஸுக்கு வந்தபோது அதே ஆட்டும் பரிசோதனையைத் திரும்பச் செய்தோம். தட்டல் திரும்பவில்லை, கடகடப்பு கூடவும் இல்லை. அவர் வண்டியை இப்போது பள்ளியின் வேப்பமரத்தடியில் நிறுத்துகிறார். பறவை எச்சத்தைக் கழுவுவதுதான் பெரும்பாடு என்று குறைப்பட்டுக்கொண்டார்.

நடைமுறையில் செய்த மாற்றங்கள்

முன்பக்கச் சத்தம் என்று வரும் மின்சார ஸ்டீயரிங் வண்டிகள் எல்லாவற்றுக்கும், லிப்டில் ஏற்றும் முன் தரையில் வைத்து இரண்டு கைப் பரிசோதனை செய்வதைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். இருவர் வேண்டும், ஐந்து நிமிடம் போதும். அதன் முடிவு அட்டையில் எழுதப்பட்ட பிறகே பாகம் வாங்கச் சொல்ல அனுமதி.

கூலியையும் பாகத்தின் விலையையும் தனித்தனியாக, செய்யவேண்டிய படிகளோடு சேர்த்து எழுதிக் கொடுக்கிறோம். இந்த நிகழ்வில் அந்த விளக்கம் வாய்மொழியாகவே நடந்தது. உரிமையாளர் தன் வீட்டில் அதைத் திருப்பிச் சொல்லச் சிரமப்பட்டதாகப் பின்னர் சொன்னார்.

வண்டியில் ஸ்டீயரிங் கோண சென்சார் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவைப்பதும் சேர்ந்திருக்கிறது. இந்த வண்டியில் அது இல்லை. சறுக்கல் தடுப்பு அமைப்புள்ள புதிய கார்களில் இருக்கும். தண்டைக் கழற்றி மாட்டியபின் ஸ்கேனரால் நேர்நிலையைப் பதிவு செய்யாவிட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதற்குரிய மென்பொருள் கையில் இல்லாத மாடல் என்றால், வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லி வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறோம்.